பெயரை விடுங்கள், புல எண்ணைப் பிடியுங்கள்: கடலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்ப வரலாறு தேடும் முறை

‘காடு வெட்டிக் கழனி திருத்தியவர்கள் நாம்’ என்ற பேச்சு கடலூர் மாவட்டத்தில் பல வீடுகளில் உண்டு. அது தாளில் நிற்குமா என்று பார்க்க விரும்புவோருக்கு இந்தக் குறிப்பு. இணையத்தில் பட்டாவும் சிட்டாவும் எடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைத் தாண்டியே தொடங்குகிறேன்.

படி 1: கணக்கெடுப்பில் தாத்தாவைத் தேடாதீர்கள்

அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் கணக்கெடுப்புத் தாள்களைப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள். இங்கே 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வீட்டுவாரித் தாள்களை யாரும் பார்க்க இடம் தரவில்லை. நமக்குக் கிடைப்பது 1951 முதல் வந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. அதில் ஊரின் பரப்பு, வீடுகள், மக்கள்தொகை உண்டு. ஆள் பெயர் இல்லை. தேடும்போது ‘தென்னார்க்காடு’ என்று தேடுங்கள். கடலூர் தனி மாவட்டமானது 1993இல்தான்.

படி 2: பழைய புல எண் (சர்வே எண்)

பெரும்பாலோர் தேடல் நின்றுபோகும் இடம் இதுதான்; என்னுடையதும் இங்கேதான் முட்டி நின்றது. இன்றைய பட்டாவில் உள்ள எண்ணை வைத்து அறுபதுகளின் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேட்டால், ஒன்றும் இல்லை என்று வரும், அல்லது யாரோ ஒருவருடைய நிலம் வரும். 1980களில் நடந்த யூ.டி.ஆர். எனும் நிலப் பதிவு மேம்பாட்டில் பல ஊர்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது.

சாவி, ஊர் நிலங்களைப் புல எண் வரிசையில் எழுதிய ‘அ’ பதிவேட்டில் இருக்கிறது. அதில் பழைய புல எண்ணுக்கென்று ஒரு பத்தி உண்டு. உங்கள் புது எண்ணுக்கு நேராக இருக்கும் பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலங்களின் பழைய எண்களையும் சேர்த்துக் குறியுங்கள், பின்னால் உதவும். பரப்பு ஒத்துவருகிறதா என்று பார்க்க: ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர்.

படி 3: சார்பதிவாளர் அலுவலகம்

இணைய வில்லங்கம் பெரும்பாலும் 1975உடன் நின்றுவிடும். அதற்கு முந்தியதற்குக் கைமுறைத் தேடல் மனு. முதல் அட்டவணை ஆள் பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. இரண்டாவதையே கேளுங்கள். நம் பக்கம் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். பெயரைத் துரத்தினால் ஒரே பெயரில் இரண்டு தலைமுறை கலந்துவிடும். நிலம் அப்படிக் குழப்பாது.

பத்திர நகல் கைக்கு வந்ததும் கிரயத் தொகையைப் பார்த்து வியப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘பிதுரார்ஜிதம்’ (முன்னோர் வழி வந்தது) என்றிருக்கிறதா, ‘சுயார்ஜிதம்’ (தானே சம்பாதித்தது) என்றிருக்கிறதா என்று பாருங்கள். பிதுரார்ஜிதம் என்றால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போக வழி உண்டு. அடுத்து நான்கெல்லை. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என்ற வரிகளில் பங்காளிகள் நிற்பார்கள். எனக்குக் குடும்ப மரத்தின் பாதிக் கிளை அந்த வரிகளில்தான் கிடைத்தது. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டால் போதும், பத்துக் கிரயப் பத்திரத்துக்குச் சமம்.

பழைய வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில், இருக்கும். 590ஐக் கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

எதில் எழுதி வைப்பது?

குடும்ப மரம் வரையும் மென்பொருள்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவை ஆளை நடுவில் வைக்கின்றன. நமக்கு வேண்டியது நிலம் நடுவில். ஒரு சாதாரண எக்செல் தாள், முதல் பத்தியில் பழைய புல எண், அடுத்து ஆண்டு, யாரிடமிருந்து, யாருக்கு, தந்தை பெயர். போதும்.

புதுச்சேரி எல்லைக்குள் போனால்

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து ஊர்கள் கடலூர் ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. பெண் கொடுத்து எடுத்ததும் அப்படியே. அங்கே நிலத்துக்கு ‘நிலமகள்’ தளம். ஆனால் அங்கே நமக்கில்லாத ஒரு வசதி உண்டு: பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள். பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள ஆவணக்காப்பகம் அவற்றில் பலவற்றைப் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர் எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு உச்சரிப்பில் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். 1881 பிரெஞ்சு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். உறவில் ஒரு கிளை திடீரென்று வேறு பெயரில் தொடர்ந்தால் இதையும் யோசியுங்கள்.

பின்சேர்க்கை: நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பத்தவர்கள், ‘அ’ பதிவேட்டில் எங்கள் பெயரே இல்லையே என்று கேட்டிருந்தார்கள். இருக்காது, நிலம் கைமாறிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது நில எடுப்புத் தீர்ப்பாணை நகல். யாருடைய நிலம், எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, எவ்வளவு இழப்பீடு என்பது அதில் வரிசையாக இருக்கும். தகவல் உரிமைச் சட்ட மனுவில் ஊர்ப் பெயரையும் பழைய புல எண்ணையும் எழுதிக் கேளுங்கள். எண் தெரியாவிட்டால், எடுக்கப்படாத பக்கத்து நிலத்தின் பழைய பத்திரத்தில் நான்கெல்லையைப் பாருங்கள்.