சிகரெட்டை விடும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

போன மாதம் கொழும்பு ஐந்துலாம்புச் சந்திக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் எங்கள் கடைப் பொடியன் ஒருவனைக் கண்டேன். லொறியில் சாமான் ஏற்றுகிற பிள்ளை, வயது 26. "சிகரெட்டை விட்டு மூண்டு கிழமை, அண்ணை" என்றான். முகம் முழுக்கச் சந்தோசம். ஆனால் இடது கன்னம் புடைத்திருந்தது. வாயில் என்ன என்று கேட்டேன்.

"சும்மா வெத்திலை. துளிப் புகையிலை. ஒண்டை விட்டா இன்னொண்டு வேணும்தானே அண்ணை."

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 14 வருடம் சிகரெட் பிடித்தேன். விட்ட பிறகு, எங்கள் தெருவில் யாராவது விடப் போகிறேன் என்றால் என்னிடம் அனுப்புவார்கள். கூட இருந்து பேசுவேன். வருகிறவர்கள் எல்லாரும் நான் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். சட்டைப் பையில் லைட்டர் வைத்திருப்பது, பிடிக்கிற நண்பர்களோடு போய் நிற்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விடுவோம்.

சிகரெட்டுக்குப் பதில் வெற்றிலை

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லியும் இந்தத் தவறு நிற்கவில்லை, எனக்குக் கோபமும் ஆறவில்லை.

சிகரெட்டை விட்ட இரண்டாவது கிழமை, கடை வாசலில் வெற்றிலை விற்ற ஐயாவிடம் முதல் தடவை வாங்கினேன். வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, விரல் நகமளவு புகையிலை. புகை இல்லை, நாற்றம் இல்லை, பில் போட்டுக்கொண்டே வைத்திருக்கலாம். வீட்டில் மனுசிக்கும் நிம்மதி. மூன்று வருடம் போட்டேன்.

அந்த மூன்று வருடமும் நிகொட்டினை, அதாவது புகையிலைக்கு நம்மை அடிமையாக்குகிற சரக்கை, நான் விடவேயில்லை, அது உள்ளே போகும் வழியை மட்டும் மாற்றினேன். சிகரெட் ஐந்து நிமிடத்தில் முடியும். வெற்றிலை அரை மணித்தியாலம் கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும். சுண்ணாம்பு எச்சிலின் காரத்தன்மையை (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரானது) கூட்டுவதால் நிகொட்டின் கன்னத்தின் உள்தோல் வழியாகச் சுலபமாக இரத்தத்துக்குள் போகிறது. அதனால்தான் சுண்ணாம்பு குறைந்தால் "ஏறவில்லை" என்கிறோம். புகையிலையைத் தள்ளிவிட்டுப் பாக்கை மட்டும் போட்டாலும் தப்ப முடியாது. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் பக்கத்துப் புற்றுநோய்தான்.

எனக்கு முதலில் தெரிந்தது கட்டச்சம்பலில். பாணோடு ஒரு வாய் வைத்ததும் இடது கன்னம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. உறைப்புக் கூடிப்போச்சு என்று நினைத்தேன். அடுத்த நாள் பருப்புக்கே எரிந்தது. டோர்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால், புகையிலையை ஒதுக்குகிற அதே இடத்தில் பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம். விரலால் தேய்த்தேன், போகவில்லை. அதைப் பார்த்த பிறகும் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே ஆத்திரம் வருகிறது.

பல் டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்திப் பற்களுக்கு நடுவில் வைக்கச் சொன்னார். எனக்கு இரண்டுதான் போனது. பாக்கு உள்தோலை நார் நாராக இறுக்கிவிடும், இறுகினது பழையபடி இளகாது என்றார். படலத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போகிறேன். பச்சை மிளகாயை வாயில் வைக்க முடியாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "எங்கட அப்பம்மா எண்பது வயது வரைக்கும் போட்டவ." சரி, இருந்திருப்பார். உயிரோடு இருந்த அப்பம்மாவை எண்ணுகிறோம். வாய் திறக்க முடியாமல் கஞ்சி குடித்தே போன பக்கத்து வீட்டு ஆச்சியை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு பதில், "அது இலைதானே, இயற்கை." என் அப்பா யாழ்ப்பாணத்தில் புகையிலை நட்டவர். அந்தப் பயிர் எத்தனை வீடுகளுக்குச் சோறு போட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறிய சரக்கு. அதனால் அந்தச் செடியைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் கத்தரி, மிளகாய், தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி, நிகொட்டினை வேரில் உண்டாக்கி இலைக்கு அனுப்புவதே பூச்சி தின்னாமல் இருக்கத்தான். புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீரை அப்பா கத்தரிக்குத் தெளிப்பார், பூச்சி செத்து விழும். பனி ஈரத்தோடு இலை ஒடித்த நாட்களில் வேலைக்கு வந்தவர்களுக்குத் தலை சுற்றி வாந்தி வரும். தோலில் பட்டதே அவ்வளவு செய்தது. அதைத்தான் நாம் கன்னத்தில் அதக்குகிறோம்.

வெற்றிலை போடுகிற யாராக இருந்தாலும் இன்றைக்கே அந்த மூன்று விரலை வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றாலோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலம் இருந்தாலோ, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ பல் டொக்டரிடம் போங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆரம்பத்தில் வலிக்காது.

புகையிலை கலந்த பாக்குப் பொட்டலங்கள்

2016-இல் தடை செய்தார்கள். இன்னும் ஒளித்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள்.

பழைய கணக்கில் பிளேன்டீ

இது பலருக்குத் தெரியாது. சிகரெட் புகை, தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை ஈரல் வேகமாக உடைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைகிறது. அதே ஆறு பிளேன்டீ உடம்பில் இரண்டு மடங்கு நேரம் நிற்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்து ஆட்கள் திரும்பவும் பற்றவைக்கிறார்கள். முதல் கிழமையிலேயே தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்களும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் சிகரெட்டை விடுவதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டி வரும்.

இருமல் கூடியதும் பயப்படுவது

நுரையீரல் தன்னைத் துப்புரவாக்கத் தொடங்கியிருக்கிறது. சில கிழமை இருக்கும். இரத்தம் வந்தாலோ நீண்டுகொண்டே போனாலோ மட்டும் காட்டுங்கள்.

"ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று"

இருபதை ஒன்றாக்கினால் ஆபத்தும் இருபதில் ஒன்றாகும் என்ற கணக்கு இதயத்துக்குச் செல்லாது. நாளைக்கு ஒன்று பிடிக்கும் ஆணுக்கும், இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது.

நிகொட்டின் சுவிங்கத்தை மிட்டாய் போல மெல்லுவது

சிகரெட் ஆசையை அடக்கப் போடுகிற சுவிங்கம் இது. உறைப்பு வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, உறைப்பு அடங்கியதும் திரும்ப மெல்லுங்கள். தேத்தண்ணி, கோப்பி குடித்த கையோடு போட்டால் வேலை செய்யாது. கால் மணித்தியாலம் கழியட்டும்.

மூன்றாம் நாளில் தீர்ப்புச் சொல்வது

முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக மோசம். அன்றைக்கு "எனக்குச் சரிவராது" என்று முடிவெடுக்காதீர்கள்.

தனியாகச் செய்வது

இலங்கையில் 1948 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையின் ஆலோசனை இலக்கம் அது.

அந்தப் பொடியனைத் தேத்தண்ணிக் கடையிலேயே மூன்று விரல் வைக்கச் சொன்னேன். போனது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்து தண்ணீர் கேட்டான். அதற்குப் பிறகு நான்கு கிழமையாகப் பின்னேரம் கடை பூட்டியதும் என் மேசைக்கு வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறான்.