ஆட்டோமேட்டிக் கார் வாங்குமுன் உள்ளே எந்த கியர்பாக்ஸ் என்று கேளுங்கள்

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. வகைக்கு ஏற்ப ஓட்டும் விதம் மாறும்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச் பிடிப்பது, கியர் மாற்றுவது இரண்டையும் ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி பார்த்துக்கொள்ளும். கியர் மாறும்போது தலை லேசாக முன்னே ஆடும்; அந்த நொடியில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், குலுக்கல் குறையும். டிசிடி என்ற வகையில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. அதனால்தான் அத்தனை வேகமாக மாறுகிறது.

ஏஎம்டியிலும் டிரை கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) டிசிடியிலும் மேட்டில் வண்டியை ஆக்சிலரேட்டரை மிதித்தே நிறுத்தி வைக்காதீர்கள். கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து உரசும், சூடேறும், கருகல் வாடை வரும். பிரேக் எதற்கு இருக்கிறது? டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் கிளம்பும்போது விசையைக் கடத்துவது எண்ணெய் என்பதால், நெரிசலில் ஊர்ந்து போக என் ஓட்டு அதற்கே.

சிவிடி என்ற வகையில் படிப்படியான கியர்கள் கிடையாது. பெல்ட்டும், அகலம் மாறும் புல்லிகளும்தான். அழுத்தி மிதித்தால் இன்ஜின் சத்தம் முந்தும், வேகம் பின்னால் வரும். அது பழுதில்லை. ஆனால் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயை இதில் ஊற்றவே கூடாது. சிவிடி ஆயில் தனி.

முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பகுதி) பெரும்பாலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். டிரான்ஸ்ஆக்சில் என்பது அதைத்தான். சில மாடல்களில் டிஃபரென்ஷியலுக்கு எண்ணெய் தனி, ஆயில் மாற்றுமுன் காரோடு வரும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.