வீடியோ எடுக்கும்போது பற்றரி சீக்கிரம் இறங்குதா?

ஆடிவேல் ரதம் கொழும்பு காலி வீதியில் வரும் நேரம் பார்த்து கமரா பற்றரி சிவப்புக் காட்டினால், புதுப் பற்றரி வாங்க ஓடாமல் முதலில் மெனுவுக்குள் போய் வீடியோத் தரத்தை 4கே-யிலிருந்து 1080-க்கு இறக்கி, வைஃபை, புளூடூத் இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். திரை வெளிச்சமும் ஒரு தலையிடி: காலிமுகத்திடல் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை என்று முழுக்க ஏற்றிவிட்டு, அப்புறம் வீட்டுக்குள்ளும் அப்படியே விட்டுவிடுகிறோம். பதிவு ஓடாவிட்டாலும் திரையும் படத்தைப் பிடிக்கும் சென்சரும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும், ஆகவே அடுத்த காட்சிக்குக் காத்து நிற்கும்போது கமராவை அணைத்துவிடுங்கள்.

சில கமராக்களுக்குப் பதிவின்போதே யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்க் கொடுக்கலாம். சிலவற்றில் அணைத்திருந்தால்தான் சார்ஜ் ஏறும், அதனால் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது. பற்றரி உப்பியிருந்தால் மட்டும் பாவிக்கவே வேண்டாம்.