சூப்பர்ஹீரோ படம் சினிமாத் தொழிலை மாற்றுகிறதா? குமரி மாவட்டத்தில் இருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி

பெரிய சூப்பர்ஹீரோ படம் ஒன்று வந்து கூட்டம் அலைமோதினால், மூன்றாம் நாளே "இனி சினிமாவே வேற லெவல்" என்று ஸ்டேட்டஸ் வர ஆரம்பித்துவிடும். சில படங்கள் உண்மையிலேயே தொழிலை மாற்றியிருக்கின்றன. பல படங்கள் கோடி கோடியாக அள்ளிவிட்டு எதையும் மாற்றாமல் போயிருக்கின்றன. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள சென்னையில் தயாரிப்பாளர் ஆபீஸில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்தே பார்க்கலாம். சொல்லப்போனால் இங்கிருந்து பார்ப்பதுதான் வசதி, ஏனென்றால் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்து போஸ்டராக இருக்கிற மாவட்டம் இது.

எத்தனை பேர் படம் பார்த்தார்கள் என்பது வசூல். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட தங்கள் வேலையைச் செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டார்களா என்பதுதான் மாற்றம். பணம் போடுகிறவர், விநியோகஸ்தர், தியேட்டர்காரர், அடுத்த கதையோடு அலைகிற உதவி இயக்குநர் என்று இவர்களில் யாராவது பழைய வழக்கத்தை விட்டார்களா என்று தேடுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதலில் போஸ்டரில் இருக்கும் கோடியைப் பிரித்துப் பாருங்கள்

"300 கோடி" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உலகம் முழுக்க விற்ற டிக்கெட்டின் மொத்தத் தொகை. அதில் வரி போகும்: 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 18 சதவீதம். அப்புறம் தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் கமிஷன். பெரிய படம் என்றால் முதல் வாரத்தில் ஷேர் விநியோகஸ்தர் பக்கம் அதிகமாக இருக்கும், வாரம் போகப் போக தியேட்டர் பக்கம் சாயும். எல்லாம் போய் தயாரிப்பாளர் கைக்கு வருவது போஸ்டரில் இருப்பதைவிட மிகக் குறைவு.

ஆகவே மொத்த எண்ணைப் பார்த்து மயங்காமல், செலவு எவ்வளவு என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். 2019-இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் உலக அளவில் சுமார் 279 கோடி டாலர் வசூலித்தது. செலவோ 35 கோடி டாலருக்கும் மேல். அவ்வளவு பணத்தைப் போட்டு அதே மாதிரி இன்னொன்று எடுக்க உலகத்தில் எத்தனை பேரால் முடியும்? இன்னொரு பக்கம், 2025 ஓணத்துக்கு வந்த மலையாளச் சூப்பர்ஹீரோ படம் லோகா. சுமார் 30 கோடி ரூபாய் செலவு, உலக வசூல் 300 கோடியைத் தாண்டியது, மலையாளத்தில் அந்த அளவைத் தொட்ட முதல் படம். 30 கோடி என்பது தென்னிந்தியாவில் நிறையத் தயாரிப்பாளர்கள் புரட்டக்கூடிய தொகை. பிறர் பின்பற்றக்கூடிய வெற்றிதான் தொழிலை அசைக்கும் என்பது என் கருத்து, அதனால்தான் லோகாவின் வெற்றியைப் பெரிதாக நினைக்கிறேன்.

2008-ஐ ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்

எதைத் தேட வேண்டும் என்று கண் பழக, அந்த ஒரு வருஷத்தைப் பார்த்தாலே போதும். அயர்ன் மேன் வந்தது அப்போதுதான். அந்தக் கதாபாத்திரத்தை உருவாக்கிய காமிக்ஸ் கம்பெனி மார்வெல், அதற்கு முன்னால் ஸ்பைடர்மேனை சோனிக்கும் எக்ஸ்-மென்னை ஃபாக்ஸுக்கும் பட உரிமையாக விற்றுவிட்டிருந்தது. மீதி இருந்தவற்றில் சில கதாபாத்திரங்களின் பட உரிமையை அடமானம் வைத்து, மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதி வாங்கி, சொந்தமாகப் படம் எடுக்கத் துணிந்தார்கள். படங்கள் விழுந்திருந்தால் அந்த உரிமைகளே கைவிட்டுப் போயிருக்கும். ஓடியது. அடுத்த வருஷமே டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்குவதாக அறிவித்தது. அதன்பிறகு ஹாலிவுட்டில் ஒரு படத்துக்குப் பணம் போடுவது போய், இன்னும் எழுதவே படாத ஐந்து படங்களுக்குத் தேதி குறிப்பது வழக்கமானது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நம்ம ஊர்ப் பையன்கள்கூட எழுந்திருக்காமல் கடைசிக் காட்சிக்குக் காத்திருக்கிறார்களே, அந்தப் பழக்கம் பரவியதும் அந்தப் படத்துக்குப் பிறகுதான்.

அதே வருஷம் பேட்மேன் படம் தி டார்க் நைட். பெரிய ஸ்டூடியோ கதைப்படம் ஒன்றின் சில பகுதிகளை மிகப் பெரிய திரைக்கான ஐமேக்ஸ் கேமராவிலேயே எடுத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் படத்துக்கு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைக்காமல் போனதும், 2009-இல் அந்தப் பட்டியலை ஐந்தில் இருந்து பத்தாக உயர்த்தியதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. கவனியுங்கள், இரண்டிலுமே மாற்றம் வசூல் தாளில் இல்லை. கடன் பத்திரத்திலும் கேமராவிலும் விருது விதியிலும் இருந்தது.

தியேட்டரில் என்ன பார்ப்பது

வெள்ளிக்கிழமை கூட்டத்தை விட்டுவிடுங்கள், அது விளம்பரத்துக்கு வந்த கூட்டம். டிக்கெட் ஆப்பைத் திறந்து நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தியேட்டர்களில் அந்தப் படத்துக்கு எத்தனை ஷோ என்று வெள்ளி, திங்கள், அடுத்த வெள்ளி ஆகிய மூன்று நாளும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தாலும் சரி, ஆனால் நோட்டில் எழுதினால்தான் வித்தியாசம் கண்ணில் படும். திங்கள்கிழமை ஷோ குறையாமல் இருந்தால் அது வாய்வழி பேச்சில் ஓடுகிற படம். லோகா வெளியான அதே நாளில் மோகன்லால் படம் ஒன்றும் வந்தது, அப்படியிருந்தும் நாள் போகப் போகத்தான் லோகாவின் காட்சிகள் கூடின. 2024 பொங்கல் சமயத்தில் தெலுங்கில் ஹனுமானும் அப்படித்தான், பெரிய நட்சத்திரப் படத்தோடு ஒரே நாளில் வந்து, குறைந்த தியேட்டர்களில் தொடங்கி, பிறகு பரவியது.

அதே நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள், இதுதான் எனக்கு மிக முக்கியம்: அந்தப் படத்துக்காக எந்தப் படத்தைத் தியேட்டரில் இருந்து தூக்கினார்கள்? இரண்டு வாரம் ஓடியிருக்க வேண்டிய சின்ன தமிழ்ப் படத்தைக் காலைக் காட்சிக்குத் தள்ளிவிட்டு, அதற்கும் ஆள் வரவில்லை என்று மூன்றாம் நாள் தூக்குவதை இந்த மாவட்டத்தில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. வேலைக்குப் போகிறவன் காலை பத்தரை மணிக்கு எப்படிப் படத்துக்கு வருவான்? மாற்றம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பத்தியை எழுதுவதே இல்லை. இதையும் எழுதினால்தான் கணக்கு முழுசாகும்.

அப்புறம் தியேட்டர் மேனேஜரிடம் பேசுங்கள். மதியக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் நல்லது, ஓய்வாக இருப்பார்கள். கலெக்ஷன் எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் உங்களால் சரிபார்க்க முடியாது. "இந்தப் படத்துக்கு என்ன டேர்ம்ஸ் கொடுத்தாங்க, அடுத்து வர்ற படத்துக்கும் அதே டேர்ம்ஸ் கேட்கிறாங்களா அண்ணே?" என்று கேளுங்கள். எல்லா ஸ்க்ரீனிலும் போட வேண்டும், இத்தனை வாரம் கட்டாயம் ஓட்ட வேண்டும், முதல் வார ஷேர் இவ்வளவு என்று ஒரு படத்துக்கு ஒத்துக்கொண்ட நிபந்தனை, அடுத்த சாதாரணப் படத்துக்கும் எழுதாத சட்டமாகிவிட்டால், தொழில் மாறிவிட்டது என்று அர்த்தம். விநியோகத்தில் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்து டி.கே. ஏரியா, ஆகவே இங்கே கேட்கிற நிபந்தனைதான் பெரும்பாலும் நெல்லையிலும் இருக்கும்.

மொழியையும் குறித்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் மலையாளத்திலேயே ஓடும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தமிழ் கேட்பார்கள். எண்ட்கேமுக்கு ஏ.ஆர்.முருகதாஸ் தமிழ் வசனம் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், குரல் பொருந்தவில்லை என்று பெரிய சண்டையே நடந்தது. ஆனால் அவர்களை வைத்து டப்பிங்கை விற்றதே முக்கியமான விஷயம். ஹாலிவுட் கம்பெனிக்குத் தமிழ்ப் பார்வையாளர் கணக்கில் வந்துவிட்டார் என்பதற்கு அதுவே சான்று. உங்கள் ஊர் தியேட்டரில் ஒரு வெளிமொழிப் படம் மூலமொழியில் ஓடுகிறதா, தமிழில் ஓடுகிறதா, இரண்டுக்கும் தனித்தனி ஷோ கொடுக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் கொடுக்கிறார்கள் என்றால் அந்தச் சந்தை வளர்கிறது.

ஓ.டி.டி. தேதி

இது சின்ன வேலை. வெளியான நாள், ஓ.டி.டி.யில் வந்த நாள், நடுவில் எத்தனை வாரம், அவ்வளவுதான். பெரிய தமிழ்ப் படங்கள் பல நான்கு வாரத்தில் வந்துவிடுகின்றன. லோகா ஒன்பது வாரம் கழித்துத்தான் வந்தது. மின்னல் முரளி 2021 டிசம்பரில் தியேட்டருக்கே வராமல் நேராக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மலையாளத்தில் ஊர்ப்புறச் சூப்பர்ஹீரோ கதை எடுபடும் என்று அது காட்டியது, ஆனால் தியேட்டர்காரருக்கு ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை. லோகாவைப் பார்த்து மற்றவர்களும் இடைவெளியை நீட்டினார்களா என்று அடுத்த பத்துப் படங்களுக்காவது எழுதிப் பாருங்கள்.

நீலியை மறக்க வேண்டாம்

லோகாவின் நாயகி சந்திரா யார் என்று தெரிந்ததும் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனி சந்தோஷம் வந்திருக்கும். நாட்டார் கதைகளில் வரும் யட்சி, கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கேயோ இல்லை, நாகர்கோவிலை ஒட்டித்தான் இருக்கிறது. நீலியையும் இசக்கியையும் கொடைவிழாவில் வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த ஊர் இது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டாமல் நாகர்கோவிலில் இருந்து நெல்லைக்குப் போக முடியுமா? இயக்குநர் டொமினிக் அருண் அந்த யட்சியை எடுத்து, பயமுறுத்துகிறவளாக இல்லாமல் காப்பாற்றுகிறவளாக நிறுத்தினார். கல்யாணி பிரியதர்ஷன் நடுநாயகமாக நின்ற படத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்ததே பெரிய விஷயம்.

இனிமேல் இதைப் பார்த்து நிறையப் பேர் வருவார்கள். சுடலை மாடன் வரலாம், முத்தாரம்மன் வரலாம், காட்டு யட்சி வரலாம். அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். உடையையும் சிவப்பு வெளிச்சத்தையும் மட்டும் எடுத்தால் அது ஒரு சீசன் ஃபேஷன், இரண்டு வருஷத்தில் போய்விடும். சொந்த மண்ணின் கதை, அடக்கமான செலவு, பெண் நாயகி மேல் நம்பிக்கை ஆகிய மூன்றையும் எடுத்தால் அது மாற்றம். குறிப்பாக, பெண்ணை மையமாக வைத்த அடுத்த கதைக்கு ஒரு தயாரிப்பாளர் 30 கோடியாவது தருகிறாரா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன். நாட்டார் கதைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் அதை ராத்திரி முழுக்க விழித்துப் பாடிக் காப்பாற்றியவர்கள் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள். இப்படி வரப்போகிற படங்களின் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு ஒரு வரி நன்றி இருக்கிறதா, ஆலோசனைக்கு அழைத்துக் கூலி கொடுத்தார்களா? கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

படிப்பு, வேலை என்று யோசிப்பவர்களுக்கு

படத்தின் கடைசியில் வி.எஃப்.எக்ஸ்., அதாவது கம்ப்யூட்டரில் காட்சிகளை உருவாக்கியவர்களின் பட்டியல் ஓடும்போது உட்கார்ந்து படியுங்கள். ஹாலிவுட் படங்களில்கூட வரிசை வரிசையாக இந்தியப் பெயர்கள் வரும். காட்சியில் இருந்து உருவத்தைப் பிரித்தெடுக்கும் ரோட்டோ, வேண்டாததை அழிக்கும் பெயிண்ட், கேமரா அசைவைக் கம்ப்யூட்டரில் பொருத்தும் மேட்ச்மூவ் போன்ற வேலைகள் சென்னை, ஹைதராபாத், பெங்களூரு ஸ்டூடியோக்களுக்கு வருகின்றன. நம்ம மாவட்டத்தில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் பலர் சூப்பர்ஹீரோ படம் ஓடியதைப் பார்த்து அனிமேஷன் கோர்ஸில் சேரலாமா என்று கேட்கிறார்கள். ஒரு ஹிட்டை நம்பிச் சேராதீர்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய வி.எஃப்.எக்ஸ். கம்பெனி சரிந்தபோது இந்தியாவில் இருந்த ஊழியர்களுக்கும் வேலை போனது. மார்வெலின் சொந்த வி.எஃப்.எக்ஸ். ஊழியர்களே வேலைச்சுமை தாங்காமல் 2023-இல் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். தொடர்ந்து இரண்டு மூன்று வருஷம் இங்கேயே படங்கள் வந்துகொண்டிருக்கின்றனவா, சென்னை ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கின்றனவா, ஒரு படத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எடுக்கின்றனவா என்று விசாரித்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.

எவ்வளவு காலம் காத்திருப்பது

ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல். படம் பார்த்து உற்சாகம் ஆகிறவர் கதை எழுதி, பணம் புரட்டி, எடுத்து முடிக்க அவ்வளவு காலம் ஆகும். அதற்குள் காற்று மாறவும் செய்யும்: 2019-இல் கேப்டன் மார்வெல் 113 கோடி டாலர் வசூலித்தது, அதன் தொடர்ச்சியாக 2023-இல் வந்த படம் சுமார் 20 கோடி டாலரோடு நின்றது. அதே கம்பெனி, அதே நாயகி.

லோகாவின் இரண்டாம் பாகம் டொவினோ தாமஸை வைத்து அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வெளியாகும் நாள் காலையில் உங்கள் தியேட்டரில் எத்தனை ஷோ, டிக்கெட் என்ன விலை, எந்தப் படத்தைத் தூக்கினார்கள், மேனேஜர் சொன்ன டேர்ம்ஸ் என்ன என்று எழுதி, முதல் பாகத்தைப் பற்றி நீங்கள் சேர்த்த தகவலுக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் பாகத்துக்கு எழுதாதவர்கள் இப்போதே தியேட்டரில் கேட்டு வாங்குங்கள், பழைய ஷோ விவரம் அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.