நரம்பைக் காட்டச் சொன்னால்

"உன் நரம்பைக் காட்டு" என்றால், பினாங்கில் என்னிடம் உயிரியல் படிக்கும் படிவம் நான்கு பிள்ளைகள் அத்தனை பேரும் புறங்கையை நீட்டுவார்கள். அங்கே நீலமாகப் புடைத்திருப்பது சிரை, இரத்தம் ஓடும் குழாய். கிளினிக்கில் "நரம்பே அகப்படவில்லை" என்று ஊசியோடு தேடுவதும் அதைத்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நரம்பு இழுத்துவிட்டது என்கிறோம், இழுத்தது தசை. மலாயில் 'ஊராட்' என்ற சொல்லும் இப்படியே சிரைக்கும் தசைநாணுக்கும் பொதுவாகப் புழங்குகிறது. முழங்கையின் உட்பக்கத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுகிறதே, அங்கே அடிபடுவதுதான் நரம்பு.

அந்த நரம்பையே நரம்பணு (நரம்புச் செல்) என்று எழுதுவது தேர்வுத்தாளில் வரும் அடுத்த தவறு. பல நரம்பணுக்களின் ஆக்சான்கள், அதாவது அவற்றிலிருந்து நீளும் இழைகள், சேர்ந்த கட்டுதான் நரம்பு. கால்விரலுக்கு வரும் நரம்பணுவின் உடற்பகுதி முதுகெலும்பை ஒட்டியே இருக்கிறது. அதன் ஆக்சான் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். உடற்பகுதியைக் கொண்டைக்கடலை அளவுக்கு வரைந்தால், ஆக்சானை 100 மீட்டராவது இழுக்க வேண்டும். பாடநூல் படத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுவதால் இந்த நீளம் யார் மனத்திலும் பதிவதில்லை.

நரம்பை மின்கம்பியாக நினைப்பதும் தவறு. கம்பியில் போல எலெக்ட்ரான்கள் ஓடுவதில்லை. ஆக்சானின் சவ்வில் சோடியம் அயனிகள் உள்ளே பாய, பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அந்த மாற்றம் அடுத்தடுத்த இடத்துக்குத் தொற்றிச் செல்கிறது. மயலின் என்ற கொழுப்பு உறை தடித்த ஆக்சானில் வேகம் நொடிக்கு 120 மீட்டர் வரை எட்டும்; உறை இல்லாததில் சுமார் 1 மீட்டர்தான்.

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். கொதிக்கும் தார்ச்சாலையில் மிதித்ததும் கால் தானே மேலே எழும்புகிறது; அந்த உத்தரவு தண்டுவடத்திலிருந்தே வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் சுரீர் என்ற வலி. எரிச்சல் அதற்கும் பின்னால், உறையில்லாத இழைகளில் மெல்ல வந்து சேர்கிறது. சூடு அதிகமானால் ஆக்சானில் ஓடும் ஒவ்வொரு மின்துடிப்பும் பெரிதாவதில்லை. துடிப்புகள் அடிக்கடி வருகின்றன, கூடுதலான இழைகளும் சேர்ந்துகொள்கின்றன.

என் பெரியம்மாவுக்குப் பல வருடமாக நீரிழிவு. பாதம் மரத்துப்போனதை 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தைப்பூசத்தில் வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்ததைக் கண்டார். வலியே இல்லை. நீரிழிவு பெரும்பாலும் மிக நீளமான ஆக்சான்களை முதலில் கெடுக்கிறது; அதனால்தான் மரமரப்பு கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. மரத்த காலைச் சுடுநீரில் வைப்பது மிக ஆபத்தானது, வெந்தாலும் தெரியாது. இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சோதனை எளியது, நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். தாதி மூன்றாவது இடத்தைத் தொட்டு முடித்தபோது, "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார்.