தைராய்டு கட்டியா? டி.எஸ்.எச். நார்மல் என்று விட்டுவிடாதீர்கள்

வேறு எதற்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்போம், நெஞ்சுக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் தைராய்டில் சிறு கட்டி என்று ஒரு வரி இருக்கும். ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்ப்பார்கள், நார்மல் என்று வரும், சரி ஒன்றுமில்லை என்று அந்த வரியை அதோடு மறந்துவிடுவோம். பெரிய தவறு இதுதான். டி.எஸ்.எச். சொல்வது சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான், கட்டி எப்படிப்பட்டது என்பதை அல்ல. தைராய்டு புற்றுநோய் இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு அது நார்மலாகவே இருக்கும். அதுவும் கடும் நோயில் படுத்திருக்கும்போது எடுத்த டி.எஸ்.எச்.சை அப்படியே நம்ப முடியாது, உடம்பு தேறிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் கருவிகளில் டி.எஸ்.எச். அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

கட்டியின் குணம் தெரிவது கழுத்து அல்ட்ராசவுண்டில். அதிலும் பலர் அளவை மட்டும் பார்த்து மிரள்கிறார்கள். 3 செ.மீ. நீர்க்கட்டி சாதுவாகக் கிடக்கும், 1 செ.மீ. கட்டி கருமையாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அகலத்தைவிட உயரமாக, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகளோடு இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று ஸ்கேனை வைத்துச் சொல்லும் டிராட்ஸ் (TI-RADS) எண் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்க முறையில் 5 என்றால் 1 செ.மீ.யிலிருந்தும், 4 என்றால் 1.5, 3 என்றால் 2.5 செ.மீ.யிலிருந்தும் ஊசிப் பரிசோதனை, அதாவது கட்டியில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்ப்பது.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. மெல்லிய ஊசி அது, அப்படி நடப்பது மிக மிக அபூர்வம். போதிய செல் கிடைக்கவில்லை என்று வந்தால் கட்டி நல்லது என்று அர்த்தமில்லை, திரும்ப எடுக்க வேண்டும்.

அதற்காக அறிகுறியே இல்லாதவர்கள் செக்கப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். தென் கொரியாவில் அப்படிப் பலர் ஸ்கேன் எடுத்துக்கொண்டதில் என்ன ஆனது பாருங்கள்: 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு, இறப்பு மட்டும் குறையவே இல்லை. சுரப்பியை எடுத்துக்கொண்ட பலர் ஆயுசுக்கும் மாத்திரை விழுங்குகிறார்கள். ஆனால் குரல் கம்மிப்போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.