ரூலட்: லாஸ் வேகாஸ் மேஜையில் முதன்முறை உட்காருபவர்களுக்கு

1. பச்சையை எண்ணுங்கள்

ரூலட்டில் பந்து எந்த எண்ணில் விழும் என்றுதான் பந்தயம். காசை எடுக்கும் முன் பந்து சுழலும் சக்கரத்தைப் பாருங்கள். 1 முதல் 36 வரை எல்லாச் சக்கரத்திலும் உண்டு. வித்தியாசம் பச்சைக் கட்டத்தில்தான். 0 மட்டும் இருந்தால் ஐரோப்பிய வகை. கூடவே 00 இருந்தால் அமெரிக்க வகை. மூன்று பச்சை உள்ள மேஜைகளும் இப்போது உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஏன்? ஒற்றை எண்ணில் ஜெயித்தால் எந்த மேஜையிலும் ஒன்றுக்கு 35தான். அமெரிக்கச் சக்கரத்தில் 38 எண்களிலும் ஒவ்வொரு டாலர் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எது விழுந்தாலும் கைக்குத் திரும்புவது, ஜெயித்த 35-உம் அதில் வைத்த 1-உம் சேர்த்து 36. மீதி 2 டாலர் காசினோவுக்கு; அதுதான் 5.26 சதவீதம். ஒரு பச்சையில் இது 2.70, மூன்றில் 7.69.

ஆனால் ஒற்றைப் பூஜ்ய மேஜையில் குறைந்தபட்சப் பந்தயம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். 25 டாலரில் 2.70 சதவீதம் என்றால் சுற்றுக்குச் சராசரியாக 68 சென்ட் போகும். 10 டாலரில் 5.26 என்றால் 53 சென்ட்தான். சின்னத் தொகையோடு வந்தவருக்கு இரண்டு பூஜ்யமே மலிவாகவும் அமையலாம்.

2. சிப் வாங்குங்கள்

வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் பணத்தை மேஜைமேல் வையுங்கள். மேஜையை நடத்தும் டீலர் கையில் நீட்டினால் வாங்கமாட்டார். உங்களுக்கென்று ஒரு நிறச் சிப் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லை) தருவார். அது அந்த மேஜையோடு சரி, வெளியே செல்லாது. எழும்போது அவரிடமே கொடுத்து, மதிப்பு அச்சிட்ட சிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

3. பந்தயம் வையுங்கள்

இரண்டு எண்களுக்கு நடுக்கோட்டில் வைத்தால் 17 மடங்கு, நான்கு எண்கள் சேரும் மூலையில் 8, மூன்று எண் வரிசைக்கு 11. எண் கட்டங்களுக்கு வெளிப்பக்கம் பன்னிரண்டு எண் தொகுதிக்கு 2. சிவப்பு–கறுப்பு, ஒற்றை–இரட்டைக்குப் போட்ட அளவு. 0 விழுந்தால் வெளிப்பக்கம் மொத்தமும் காலி. 0, 00, 1, 2, 3 சேர்ந்த ஐந்தெண் பந்தயத்தை மட்டும் தொடாதீர்கள்: காசினோவின் பங்கு அங்கே 7.89 சதவீதம்.

குறைந்தபட்சத் தொகையை உள்ளே பல எண்களில் பிரித்து வைக்கலாம். வெளியே ஒவ்வோர் இடத்திலும் முழுதாக வைக்க வேண்டும்.

பழைய எண்களைக் காட்டும் பலகையைப் பார்த்து, “ஆறு தடவை கறுப்பு, அடுத்தது சிவப்புதான்” என்று இறங்காதீர்கள். 1913-இல் மான்டே கார்லோ காசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. சிவப்பில் கொட்டியவர்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள்.

4. பந்து விழுந்த பிறகு

“நோ மோர் பெட்ஸ்” என்று டீலர் கையை வீசினால் அதற்குமேல் சிப்பைத் தொடக்கூடாது. ஜெயித்த எண்ணின்மேல் டாலி என்ற சின்னக் குமிழை வைப்பார். அதை எடுக்கும்வரை பொறுங்கள். வெளிப்பக்கம் ஜெயித்தவர்கள் கவனிக்க: நீங்கள் வைத்த சிப் அங்கேயே கிடக்கும். எடுக்காவிட்டால் அடுத்த சுற்றுக்கும் அதுவே பந்தயம்.